எஃப்.ஐ.ஆரிலும் குற்றப்பத்திரிகையிலும் தப்பு இருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று எந்தக் கோர்ட் பக்கம் போனாலும் டீக்கடை பெஞ்சில் ஒரு சட்ட ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்: “எஃப்.ஐ.ஆர்.லயே தப்பு இருக்கு, கேஸ் ஒண்ணும் ஆவாது.” அதை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்து பிடிவாரண்ட் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. புகார் கொடுத்த தரப்பிலோ, ஒரு எழுத்துப்பிழையைப் பார்த்துவிட்டு எல்லாம் போச்சு என்று சமரசத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பக்கம்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா), இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டன. கீழே புதிய பிரிவு எண்ணை முதலில் சொல்லி, பழையதை அடுத்துச் சொல்கிறேன்; சட்டத்தின் பெயர் சொல்லாத இடத்தில் அது பி.என்.எஸ்.எஸ். எண். கோர்ட்டில் இன்னும் சில வருஷங்களுக்கு இரண்டு எண்களும் புழங்கத்தான் செய்யும்.

எஃப்.ஐ.ஆர்., சார்ஜ் ஷீட், சார்ஜ் மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

எஃப்.ஐ.ஆர். என்பது புகாரின் பேரில் ஸ்டேஷனில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கை (பிரிவு 173, பழையது 154). சார்ஜ் ஷீட் என்பது புலன் விசாரணை முடிந்து போலீஸ் கோர்ட்டில் தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை (193, பழையது 173). சார்ஜ் என்பது அந்தக் காகிதங்களைப் படித்துப் பார்த்து நீதிபதி தாமே எழுதும் குற்றச்சாட்டு (234, பழையது 211). எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, நிறுத்தி, கோர்ட் மொழியில் எழுதப்பட்ட அதை வாசித்து விளக்கி, “ஒப்புக்கொள்கிறீரா, வழக்கை நடத்துகிறீரா” என்று கேட்பார்கள்.

எஃப்.ஐ.ஆரில் உள்ள தப்பு பெரும்பாலும் சாட்சியின் நம்பகத்தன்மையைத்தான் தொடும். குற்றப்பத்திரிகையின் தப்பைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். சார்ஜில் நேர்ந்த தப்புக்கு என்ன விளைவு என்பதைச் சட்டமே தனிப் பிரிவு போட்டுச் சொல்கிறது.

அந்தத் தனிப் பிரிவு என்ன சொல்கிறது? சார்ஜில் தப்பு இருந்தால் விடுதலைதானே?

பிரிவு 238 (பழையது 215): குற்றத்தையோ அதன் விவரத்தையோ சொல்வதில் நேர்ந்த பிழை, விடுபாடு எதுவும் முக்கியமானதாகக் கருதப்படாது, அந்தப் பிழையால் எதிரி உண்மையிலேயே தவறாக வழிநடத்தப்பட்டு, அதனால் நீதி பிறழ்ந்திருந்தால் மட்டுமே அது எடுபடும். பிரிவு 510 (பழையது 464) இதையே அப்பீல் கட்டத்துக்குச் சொல்கிறது. சார்ஜே வனையாமல் விட்டிருந்தாலும்கூட, நீதி பிறழாத வரை தீர்ப்பு செல்லும்.

ஆக, கோர்ட் “தப்பு இருக்கிறதா?” என்பதோடு நிற்காது. “அந்தத் தப்பால் இவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் போனதா?” என்று கேட்கும். மிச்சக் கேள்விகளில் பலவற்றுக்கு இதுதான் அளவுகோல்.

பழைய சட்டத்தில் இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. 1882 ஜனவரி 21இல் கோதா பக்ஷைக் கொன்றதாக ஒருவர்மேல் குற்றச்சாட்டு. இறந்தவரின் உண்மைப் பெயரோ ஹைதர் பக்ஷ்; கொலை நடந்தது 20ஆம் தேதி. பெயரும் தப்பு, தேதியும் தப்பு. ஆனால் அந்த ஆள்மேல் இருந்தது ஒரே ஒரு கொலை வழக்கு. மாஜிஸ்திரேட் முன் நடந்த விசாரணை முழுதும் ஹைதர் பக்ஷைப் பற்றியது. அதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதனால் அவர் ஏமாறவில்லை, பிழை முக்கியமல்ல. அடுத்த உதாரணத்தில் அதே ஆள் 20ஆம் தேதி ஹைதரையும், தன்னைப் பிடிக்க வந்த கோதாவை 21ஆம் தேதியும் கொன்றதாக இரண்டு வழக்கு. ஹைதர் கொலைக்குச் சார்ஜ் வனைந்துவிட்டு, கோதா கொலைக்கு விசாரணை நடத்தினார்கள். எதிரி கூட்டிவந்த சாட்சிகளோ ஹைதர் வழக்குக்கானவர்கள். இங்கே அவர் ஏமாந்துவிட்டார், பிழை முக்கியமானது. முதல் வழக்கில் இரண்டு பிழை இருந்தும் வழக்கு தாங்கியது. இரண்டாவதில் காகிதத்தில் பெயர் சரியாகவே இருந்தும் தாங்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் இதன் அடிப்படைத் தீர்ப்பு 1955ஆம் வருஷத்து வில்லி ஸ்லேனி வழக்கு. ஜபல்பூரில் நடந்த கொலை. அண்ணன் தம்பி இருவர்மேலும் பொது எண்ணத்தோடு கொன்றதாகச் சார்ஜ்; ஒருவர் விடுதலையாகிவிட்டார். “பொது எண்ணத்துக்கே ஆள் இல்லை, எனக்கென்று தனியாகக் கொலைச் சார்ஜும் இல்லை, பிறகு எப்படித் தண்டனை?” என்பது மற்றவரின் வாதம். ஐந்து நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. தான் எதற்காக விசாரிக்கப்படுகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அவர் பாதிக்கப்படவில்லை என்றார்கள். தண்டனை குறைந்தது வேறு காரணத்தால்: அடித்த விதத்தைப் பார்த்து, கொலையாகாத மரணம் என்று மாற்றி ஐந்து வருஷமாக்கினார்கள்.

எதிர்ப்பக்க உதாரணம் 2010ஆம் வருஷத்து மெயின் பால் வழக்கு, ஹரியானா. வீடு புகுந்து ஒரு பெண்ணை மானபங்கம் செய்ததாகச் சார்ஜ். சாட்சியம் முழுக்க அதே வீட்டின் இன்னொரு பெண்ணைப் பற்றி. யாரைப் பற்றிய குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வது என்றே எதிரிக்குத் தெரியாத நிலை என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது.

எஃப்.ஐ.ஆர்.ல எம் பேரு தப்பு, அப்பா பேரும் தப்பு. நான் தப்பிச்சிருவேனா?

ஆள் நீங்கள்தான் என்றால் தப்பிக்க மாட்டீர்கள். அந்தோணி, ஆன்றணி, ஆன்டணி என்று மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருப்பது நம் ஊரில் அன்றாடம். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, கோயில் பதிவேட்டில் ஒன்று. இதை வைத்து எந்த வழக்கும் விழுந்துவிடாது. குற்றப்பத்திரிகையில் ‘என்ற’ போட்டு வட்டப் பெயரையும் (பட்டப் பெயரையும்) சேர்த்து எழுதிவிடுவார்கள்.

ஆனால் உண்மையான ஆள்மாறாட்டம் வேறு விஷயம். கடலோர ஊர் ஒன்றில் ஒரே பெயரில், ஒரே இனிஷியலில், ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வோம். புகாரில் “இன்னாரும் அவன் கூட்டாளிகளும்” என்று மட்டும் இருக்கிறது. போலீஸ் போய் ஒருவரைப் பிடிக்கிறது. சாட்சி பின்னால் கூண்டில் ஏறி “நான் சொன்னது இவரை இல்ல” என்கிறார். அங்கே வழக்கு உடையும். அதற்குக் காரணம் எழுத்துப்பிழை அல்ல, அடையாளம் நிரூபிக்கப்படாததுதான். நீங்கள் அந்த இரண்டாவது ஆள் என்றால் விசாரணை முடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் வேறு இடத்தில் இருந்ததற்கான ஆதாரத்தோடு, விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் எழுத்துமூலம் கொடுத்துவையுங்கள்.

தேதியும் நேரமும் மாறியிருந்தால்?

எஃப்.ஐ.ஆர். நகலைக் கையில் எடுங்கள். எல்லாரும் 12ஆம் கலத்தில் உள்ள புகார் கதையைத்தான் வாசிப்பார்கள். கிரிமினல் வக்கீலின் கண் முதலில் போவது 3, 8, 15ஆம் கலங்களுக்கு. மூன்றில் சம்பவம் நடந்த நாளும் நேரமும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரமும் இருக்கும். எட்டில் தாமதத்துக்குக் காரணம். பதினைந்தில் கோர்ட்டுக்கு அனுப்பிய தேதியும் நேரமும். அதோடு மாஜிஸ்திரேட் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ராத்திரி 9 மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் கொலை வழக்கு எஃப்.ஐ.ஆர்., கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாஜிஸ்திரேட் வீட்டுக்கு மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தது என்றால், இடையில் யார் யாரோ உட்கார்ந்து பெயர் சேர்த்தார்களா என்ற சந்தேகம் எழும். பிறகு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. “தெரிந்த இரண்டு பேர் கம்பால் தாக்கினார்கள்” என்று டாக்டரிடம் சொன்னவர், ஸ்டேஷனில் “ஐந்து பேர் அரிவாளால் வெட்டினார்கள்” என்று சொல்லியிருந்தால், எதிர்த்தரப்புக்கு அதைவிடப் பெரிய ஆயுதம் வேண்டாம்.

தாமதம் பற்றிய பழைய தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்தே போனது: துலியா காளி வழக்கு, 1972. கொலை நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கொடுத்த புகாரை நம்ப முடியாது என்று விடுதலை. ஆனால் தாமதம் என்றாலே விடுதலை என்று இதை மனப்பாடம் செய்துவைப்பது தப்பு. விளக்க முடிந்த தாமதம் தாமதமே இல்லை. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துக் கரைசேர்ந்தவர் வந்த அன்றே புகார் கொடுத்தால் அதில் என்ன குறை? எட்டாம் கலத்தில் அதை எழுதச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கலத்தில் “தாமதம் இல்லை” என்று வழக்கப்படி அடித்துவிட்டுப் போவதுதான் பின்னால் தலைவலி.

பழைய பத்திரங்களை வைத்து வரும் போர்ஜரி வழக்குகளில் நமக்கென்றே ஒரு பிழை உண்டு. திருவிதாங்கூர் காலத்து ஆதாரம் (பத்திரம்) கொல்லம் ஆண்டில் இருக்கும். ‘1110 மகரம்’ என்பதை 1934 என்று எழுதிவிடுவார்கள். கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில் (ஆவணியில்) பிறப்பதால் மகரம் (தை) வரும்போது 1935 ஆகிவிட்டிருக்கும். ஆதாரத்தின் எண் சரியாக இருந்து, தகராறும் அந்த ஒரே ஆதாரத்தைப் பற்றியது என்றால் இது ஒன்றும் செய்யாது.

போக்சோ வழக்கில் பிறந்த தேதி அப்படி லேசாக விடக்கூடிய விஷயமல்ல. பதினெட்டுக்கு ஒரு நாள் இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்பதில்தான் சட்டமே மாறுகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 94ஆம் பிரிவு பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக்குலேஷன் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று, அதுவும் இல்லையென்றால்தான் மருத்துவப் பரிசோதனை என்று வரிசைப்படுத்துகிறது. ஞானஸ்நானச் சான்று அந்த வரிசையில் இல்லை.

கடலில் நடந்த அடிதடி. சம்பவ இடம் “கடலில்” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். போதுமா?

போதாது. குமரிக் கடலோரத்தைப் பொறுத்தவரை இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான பிழை இதுதான் என்பேன்.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை இந்தியாவின் எல்லைக் கடல். அதற்கு அப்பால் இந்தியக் குடிமகன் செய்த குற்றம், இந்தியாவுக்கு வெளியே நடந்த குற்றமாகப் பிரிவு 208க்குள் (பழையது 188) வரும். அவரை எந்த ஊரில் கண்டாலும் அங்கே வழக்கு நடத்தலாம். ஆனால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். புலன் விசாரணைக்கு அனுமதி தேவையில்லை, ஆனால் அனுமதி இல்லாமல் கோர்ட் விசாரணை கட்டத்துக்குள் நுழைய முடியாது என்று 2011இல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தூத்தூர் பக்கத்துப் படகுகள் லட்சத்தீவையும் தாண்டி, குஜராத் வரை தொழிலுக்குப் போகின்றன. அங்கே ஒரே படகில் இரண்டு பேருக்குள் கைகலப்பு, ஒருவருக்கு வெட்டு என்று வைத்துக்கொள்வோம். படகு கரைக்கு வந்ததும் புகார். “கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது” என்று மட்டும் எழுதிப் பதிவு செய்தால், அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதே தெரியாமல் வழக்கு நடக்கும். வருஷங்கள் கழித்து எதிர்த்தரப்பு ஜி.பி.எஸ். பதிவை எடுத்துக்கொண்டு வந்து நிற்கும். ஆகவே படகின் ஜி.பி.எஸ். கருவியை முதல் நாளே மகஜர் போட்டுக் கைப்பற்றச் சொல்லுங்கள். ஸ்ராங்கிடம் (படகை ஓட்டுபவரிடம்) அட்சரேகை, தீர்க்கரேகை கேட்டுப் புகாரிலேயே எழுதுங்கள்.

இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நமக்குத் தெரிந்த வழக்கே இருக்கிறது. 2012 பிப்ரவரி 15, ‘என்ரிக்கா லெக்ஸி’ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து ‘செயின்ட் ஆன்டணி’ படகுமேல் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அதில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர். கொல்லம் பக்கம் நீண்டகரை கடலோர ஸ்டேஷனில் கொலை வழக்கு பதிவானது. சம்பவ இடம் கரையிலிருந்து 20.5 கடல் மைல். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது கேரள அரசின் அதிகார எல்லைக்குள் இல்லை, மத்திய அரசுதான் தனிக் கோர்ட் அமைத்து நடத்த வேண்டும் என்றது. அதன்பின் வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021இல் முடித்துவைக்கப்பட்டது. இந்திய மண்ணில் கொலை விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

களியக்காவிளையில் நடந்ததா, பாறசாலையில் நடந்ததா என்றே தகராறு. வேறு ஸ்டேஷனில் பதிந்தால் செல்லாதா?

செல்லும். எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிந்தே ஆக வேண்டும் என்று 173ஆம் பிரிவே இப்போது சொல்கிறது; அதுதான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு மாற்றிவிடுவார்கள். தவறான எல்லைக் கோர்ட்டில் விசாரணையே நடந்து முடிந்திருந்தாலும், நீதி பிறழாவிட்டால் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது (508, பழையது 462). “அது கேரளா, அங்க போ” என்று அனுப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள்.

சம்பவம் 2024 ஜூன் கடைசியில். வழக்கு பி.என்.எஸ். பிரிவில் போட்டிருக்கிறார்கள்.

தப்புதான். குற்றம் நடந்த நாள் 2024 ஜூலை 1க்கு முன் என்றால் தண்டனைச் சட்டம் பழையது. புகார் பிந்தி வந்தாலும் அப்படியே. ஆனால் பிரிவு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. போலீஸ் பிரிவு மாற்ற அறிக்கை கொடுக்கும், இல்லாவிட்டால் கோர்ட்டே திருத்தும். கவனிக்க வேண்டிய ஒரே இடம், புதிய சட்டத்தில் தண்டனை கூடியிருக்கும் குற்றங்கள். கூடுதல் தண்டனையைப் பின்தேதியிட்டுக் கொடுக்க அரசியல் சாசனத்தின் 20ஆம் கூறு விடாது.

சார்ஜில் இல்லாத பிரிவில் தண்டனை கொடுக்கலாமா?

பெரிய குற்றத்துக்குச் சார்ஜ் இருந்து, அதற்குள் அடங்கிய சிறிய குற்றம் மட்டும் நிரூபணமானால் கொடுக்கலாம் (245, பழையது 222). கொலைக்குச் சார்ஜ் வைத்து, கொலையாகாத மரணத்துக்குத் தண்டிப்பது தினமும் நடப்பது. தலைகீழாக, சாதாரணக் காயத்துக்குச் சார்ஜ் வைத்துவிட்டுக் கொடுங்காயத்துக்குத் தண்டிக்க முடியாது.

சிக்கல், ஒன்றுக்குள் ஒன்று அடங்காத குற்றங்களில். கொலைச் சார்ஜில் விசாரித்த கணவனை வரதட்சணை மரணத்துக்குத் தண்டிக்கலாமா? 2001ஆம் வருஷத்து ஷம்ன்சாகிப் முல்தானி வழக்கில் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கொலை வழக்கில் நிரூபிக்கும் சுமை முழுக்க அரசுத் தரப்புக்கு. வரதட்சணை மரணத்தில் சட்டமே ஒரு அனுமானத்தை எதிரிமேல் ஏற்றுகிறது. அதை அவர்தான் முறியடிக்க வேண்டும். முறியடிக்க வேண்டும் என்றே தெரியாதவரை எப்படித் தண்டிப்பது? வாய்ப்புக் கொடுத்து மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அப்படியானால் எந்தத் தப்புதான் வழக்கையே சாய்க்கும்?

எழுத்துப்பிழைகள் அல்ல. கோர்ட் வழக்கைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சட்டம் ஒரு படி வைத்திருக்கும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்த வழக்குகள்தான் விழும். இங்கே எதிரி ஏமாந்தாரா என்ற கேள்விக்கே பெரும்பாலும் இடமில்லை.

மறியல், ஆர்ப்பாட்ட வழக்குகளைப் பாருங்கள். அரசு ஊழியரின் உத்தரவை மீறினார் என்ற குற்றத்துக்கு (பி.என்.எஸ். 223, பழைய 188) சம்பந்தப்பட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலுள்ளவரோ கோர்ட்டில் நேரடியாக எழுத்துமூலம் முறையிட வேண்டும், போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுக் குற்றப்பத்திரிகை கொடுத்தால் கோர்ட் ஏற்க முடியாது. 2018இல் ஜீவானந்தம் வழக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை விரிவாகச் சொன்னது. அதன்பின் ரத்தான போராட்ட வழக்குகள் ஏராளம்.

கேரளாவுக்குப் போகும் பாறைப்பொடி, எம்.சாண்ட் லாரிகளின் கனிமவள வழக்குகள் இன்னொன்று. கனிமச் சட்டத்தின் கீழான குற்றத்துக்கு, அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூலப் புகார் இல்லாமல் கோர்ட் நடவடிக்கை எடுக்க முடியாது (அச்சட்டம் 22ஆம் பிரிவு). ஆனால் திருட்டுக் குற்றத்துக்குப் போலீஸ் வழக்கு போடலாம் என்று 2014இல் டெல்லி அரசு எதிர் சஞ்சய் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆக ஒரு பாதி விழுந்தாலும் மறுபாதி நிற்கும். வெடிமருந்து வழக்கு என்றால் மாவட்ட கலெக்டரின் இசைவு இல்லாமல் விசாரணை தொடங்க முடியாது. குவாரி வெடியானாலும், மீன்பிடிக்கப் போட்ட தோட்டாவானாலும் வெடிபொருள் குற்றச் சட்டத்தில் போட்டால் இந்தக் காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும்.

காலவரம்பும் இதில் சேரும். அபராதம் மட்டும் உள்ள குற்றத்துக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் வரை சிறை என்றால் ஒரு வருஷம், மூன்று வருஷம் வரை என்றால் மூன்று வருஷம் (514, பழையது 468). புதிய சட்டத்தின்படி புகார் கோர்ட்டில் தாக்கலான நாளோ, ஸ்டேஷனில் தகவல் பதிவான நாளோதான் கணக்கு.

பக்கத்து வீட்டுச் சண்டைகளில் தவறாமல் வரும் “அசிங்கமாகத் திட்டினார், கொன்றுவிடுவதாக மிரட்டினார்” ரகம் தனி. பழைய தண்டனைச் சட்டத்தின் 294 (பி), 323, 506 (2) மூன்றும் சேர்ந்தேதான் வரும். என்ன சொல் சொன்னார் என்றே குற்றப்பத்திரிகையில் இருக்காது. நாலு சாட்சி வாக்குமூலமும் ஒரே அச்சில் வார்த்தது போல, கமா உட்பட ஒன்றாக இருக்கும். இவை பெரும்பாலும் தள்ளுபடியாவதில்லை. விசாரணை முடிவில் சாட்சியமில்லாமல் விடுதலையாகும். நாலைந்து வருஷ வாய்தா அலைச்சலே இரு தரப்புக்கும் தண்டனை.

கஞ்சா வழக்கில் எடையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

உடனே வக்கீலிடம் காட்டுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறு அளவு, உச்சபட்சம் ஒரு வருஷம். 20 கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு, குறைந்தது பத்து வருஷம், ஜாமீனும் லேசில் இல்லை. 2.05 என்பது 20.5 ஆனால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கோடும் பேப்பரோடும் சேர்த்து நிறுத்தார்களா, மகஜரில் உள்ள எடையும் கோர்ட்டில் ஒப்படைத்த எடையும் ஒன்றா என்றும் பாருங்கள்.

குற்றப்பத்திரிகையில் குறை என்று கோர்ட் திருப்பிவிட்டதாம். உள்ளே இருப்பவருக்கு அதனால் லாபம் உண்டா?

நாள் கணக்கைப் பாருங்கள். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை (187, பழையது 167). 2018இல் அச்பால் வழக்கில், விசாரிக்க அதிகாரமில்லாதவர் தாக்கல் செய்ததால் திருப்பப்பட்ட குற்றப்பத்திரிகையை வைத்து, கெடுவுக்குள் தாக்கலாகிவிட்டது என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆனால் இந்த உரிமை கேட்டால்தான் கிடைக்கும். கெடு முடிந்த மறுநாள் காலையிலேயே மனு போட வேண்டும். போலீஸ் முந்திக்கொண்டால் போயிற்று. சின்னச் சின்ன அலுவலகக் குறைக்காகத் திருப்பியதற்கெல்லாம் இது பொருந்தும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

நான் புகார் கொடுத்தவள். எஃப்.ஐ.ஆரில் தப்பாக எழுதிவிட்டார்கள். திருத்தச் சொன்னால் “அது இனி முடியாதும்மா” என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பாதி சரி. பதிவான எஃப்.ஐ.ஆரை அழித்து எழுத முடியாது. எழுதினால்தான் வழக்குக்கு ஆபத்து. ஆனால் கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம் (180, பழையது 161). “புகாரில் இடது கை என்று உள்ளது, வெட்டு வலது கையில், காயச் சான்றிதழ் இத்துடன்” என்று தனி மனுவாக எழுதி, ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குங்கள். காயம் பெரிது என்று பின்னால் தெரிந்தால் பிரிவு மாற்ற அறிக்கை கேளுங்கள். குற்றப்பத்திரிகை போன பிறகு விடுபட்டது தெரிந்தால், மேல் விசாரணைக்கு வழி உண்டு (193 (9)). விசாரணை கட்டத்தில் கோர்ட் அனுமதியோடு 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

சார்ஜையே மாற்ற வேண்டும் என்றால், தீர்ப்புச் சொல்லும் நிமிஷம் வரை கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது (239, பழையது 216). ஆனால் அது கோர்ட்டின் அதிகாரம்; கட்சிக்காரர் உரிமையாகக் கேட்க முடியாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன கார்த்திகலட்சுமி வழக்கில் 2017இல் சொல்லிவிட்டார்கள். அரசு வழக்குரைஞரைப் பார்த்து, அவர் மூலம் கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுவருவதுதான் நடைமுறை. மாற்றினால் சாட்சிகளைத் திரும்பக் கூப்பிட இரு தரப்புக்கும் வாய்ப்புண்டு. “மறுபடியும் கூண்டில் ஏறணுமா” என்று சலித்துக்கொள்ள வேண்டாம்; அப்பீலில் போய் உடைவதைவிட இது மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: கையெழுத்துப் போடும் முன் முழுதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் இலவசமாகத் தர வேண்டியது சட்டம்.

எதிரி தரப்பில், தப்பைக் கண்டுபிடித்தால் உடனே சொல்லலாமா, கடைசி வரை வைத்திருந்து அடிக்கலாமா?

வக்கீல்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. சாட்சி முரண்பாடுகளை வைத்திருந்து குறுக்கு விசாரணையில் எடுப்பது சரி. அனுமதி இல்லை, காலவரம்பு கடந்தது போன்றவற்றை முதலிலேயே எடுங்கள். காகித நகல் கிடைத்த 60 நாளுக்குள் விடுவிப்பு மனு (262), செஷன்ஸ் வழக்கு என்றால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு கமிட் ஆன (அனுப்பப்பட்ட) நாளிலிருந்து 60 நாளுக்குள் (250). தேவைப்பட்டால் மதுரைக் கிளையில் ரத்து மனு (528, பழையது 482). சார்ஜ் பிழையை ஒளித்துவைப்பதுதான் வீண் தந்திரம். அப்பீலில் கோர்ட் கேட்கும் முதல் கேள்வியே “இதை அப்போதே சொல்லியிருக்கலாமே?” என்பதுதான், அப்படிப் பார்க்கச் சொல்லி 511ஆம் பிரிவே (பழையது 465) எழுதிவைத்திருக்கிறது. பேசாமல் இருந்தீர்கள் என்றால் நீங்கள் ஏமாறவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

அனுமதி இல்லை என்று வழக்கு விழுந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா?

இல்லை. முறையான அனுமதி இல்லாத வழக்கில் கிடைத்தது விடுதலைத் தீர்ப்பாகாது. முறையான அனுமதி வாங்கி மறுபடி வழக்கு தொடரலாம் என்று 2015ஆம் வருஷத்து நஞ்சப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு இங்கே வராது.

ஜாமீன் உத்தரவில் அப்பா பெயர் தப்பாக டைப் ஆகிவிட்டது. ஜெயிலில் விட மாட்டேன் என்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இது வரும். ஜெயில் அதிகாரியிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. உத்தரவில் உள்ள ஆளைத்தான் அவர் விட முடியும். கோர்ட்டில் வக்கீல் ஒரு திருத்த மெமோ போட்டால் எழுத்துப்பிழையைச் சரிசெய்து புது உத்தரவு தருவார்கள். கையெழுத்தான தீர்ப்பிலேயே எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் திருத்த 403ஆம் பிரிவு (பழையது 362) இடம் தருகிறது. உத்தரவு கைக்கு வந்ததும் கோர்ட் வாசலிலேயே நின்று, குற்ற எண், பெயர், அப்பா பெயர், பிரிவு நான்கையும் எஃப்.ஐ.ஆரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஜெயிலுக்கு வண்டி ஏறுங்கள்.